ஐந்து நிமிடத்தில் பதினோரு வீடு

அவர் மைக்கைப் பிடித்தால் எங்கள் சபாவில் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போய்விடுவார்கள். குடித்துவிட்டு, வாசலில் நின்று வம்பும் பேசிவிட்டுத் திரும்பி வந்தால், அவர் இன்னும் இரண்டாவது வரிசையில்தான் இருப்பார். அதாவது, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

வரவேற்புரை அவருடைய இலாகா. லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் சேர்ந்து நடத்துகிற சின்ன சபா எங்களுடையது. ராமநவமிக் கச்சேரி, நவராத்திரி, பொங்கல் என்று வருஷத்துக்கு ஆறேழு விழா நடக்கும். மற்ற ஊர்களில் தலைவர், செயலாளர், சிறப்பு விருந்தினர் என்று நாலு பேரோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் மைக் செட் போட்டவர், மேடைக்குத் துணி கட்டியவர், பின்கட்டில் பந்திக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பவர் வரைக்கும் போவார். பாட வந்தவர்கள் தம்புராவை மீட்டி மீட்டி அலுத்துப்போவார்கள்.

"பூசணிக்கா நறுக்கறவருக்கு இது காதுலயே விழாது. எதுக்கு மாமா சொல்றேள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாராவது போய்ச் சொல்லுவா" என்றார். யாரோ போய்ச் சொல்லியும் இருக்கிறார்கள். அன்றைக்குப் பந்தியில் அவர் இலைக்கு மட்டும் கூட்டு மூன்றாம் தடவை தேடிக்கொண்டு வந்தது.

எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறை. அதில் அவர் தனியாக இருந்தார். தேயிலைக் கம்பெனி ஒன்றில் பெட்டிகளுக்கு விலாசம் எழுதி அனுப்பும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்டடம் முழுக்க அவரை மாமா என்றுதான் கூப்பிட்டது. வங்காளியிலும் மாமா மாமாதான் என்பதால், கீழ்த்தளத்து பௌதிக்கும் அவர் மாமா, படிக்கட்டுக்கு அடியில் இஸ்திரி போடும் சுக்தேவுக்கும் அவர் மாமா. (பௌதி என்றால் அண்ணி. இங்கே அக்கம்பக்கத்துப் பெண்களை அப்படித்தான் அழைப்போம்.) ஊரார் பேரையெல்லாம் சொல்லித் திரிந்தவரின் பேரை யாரும் சொன்னதில்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐந்து நிமிஷ வரவேற்புக்கு அவர் ஐந்து நாள் தயார் செய்வார். அந்த ஐந்து நிமிஷம் முப்பது நிமிஷமாகும் என்பது வேறு விஷயம். வருகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போன் செய்து இனிஷியல் சரிதானா என்று கேட்பார். முதல் நாளே ஹாலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவார். வாட்ச்மேனை மேடையில் நிறுத்தி எதையாவது பேசச் சொல்லி, மின்விசிறிச் சத்தத்தில் எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்த்துக்கொள்வார். பேச்சை எழுதுவது பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில். அவற்றை உள்ளங்கை அளவுக்குக் கத்தரித்து வைத்திருப்பார்.

"சாதாக் காகிதம்னா கை நடுங்கறச்சே சலசலங்கும். கெட்டி அட்டை காட்டிக்குடுக்காது."

"இத்தனை வருஷமாப் பேசறேள், இன்னுமா நடுங்கறது?"

"நடுங்காத அன்னிக்குப் போய் உக்காந்துடணும்மா. அன்னிக்குப் பேச்சு உருப்படாது."

இன்னொன்றும் சொல்வார். "பேர் சொல்றச்சே மூஞ்சியப் பாக்காதே. மூஞ்சி சும்மானாச்சும் சிரிக்கும். முதுகைப் பாரு." அதற்குப் பிறகு நானும் கவனித்திருக்கிறேன். நாற்காலியில் சரிந்து கிடக்கும் மனுஷர், தன் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததும் ஒரு விரற்கடை நிமிர்வார். அவருக்கே தெரியாமல் நடக்கும். வங்கி மேனேஜருக்கும் நடக்கும், பூசணிக்காய்க்காரருக்கும் நடக்கும்.

ஒரு பொங்கலுக்கு டாலிகஞ்சிலிருந்து வந்த ஒருவர் பெயரை விட்டுவிட்டார். மறுநாள் காலையில் மெட்ரோ ஏறி அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அந்த மனுஷருக்குத் தன் பெயர் விட்டுப்போனதே தெரியாதாம். இவர் போய்ச் சொன்ன பிறகுதான் கோபித்துக்கொண்டார். இந்தக் கதையைச் சபாவில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான்தான் கூடுதலாகச் சிரித்தேன்.

அப்புறம் எங்கள் கட்டடச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

காளிகாட் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம், மூன்று தளம், காரை பெயர்ந்து கம்பி தெரிகிற சுவர். இடிந்து விழக்கூடிய கட்டடம், காலி செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. வீட்டுக்காரர் அதற்கு முன்பே ஒரு பிரமோட்டரோடு பேசி முடித்திருந்தார். புதுக் கட்டடம் வரும். இப்போது குடியிருப்பவர்களுக்கு அதில் ஆளுக்கொரு சின்ன ஃபிளாட் உண்டு. ஆனால் குடியிருப்பவர்கள் யார் என்பதில்தான் வில்லங்கம். வீட்டுக்காரர் பல வருஷமாக ரசீது கொடுப்பதை நிறுத்தியிருந்தார். நாலு குடித்தனம்தான் உண்மையானது, மற்றவர்கள் சும்மா ஒட்டிக்கொண்டவர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் பெயர் அந்த நாலில் இல்லை. கல்யாணமாகித் திருச்சியிலிருந்து நான் வந்து இறங்கிய வீடு அது. மாமியார் கண்ணை மூடியதும் அங்கேதான்.

வார்டு ஆபீசில் விசாரணை வைத்தார்கள். குடியிருப்பவர்கள் சார்பில் ஒருவர் பேசலாம், ஐந்து நிமிடம். அவர் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்காரரின் வக்கீல் அங்கேயே மறுக்கலாம். மறுக்காத பெயர்கள் பட்டியலில் ஏறும். அதோடு முடிந்தது.

"மாமா பேசட்டும்" என்றாள் பௌதி. அவள் வீட்டுக்கும் ரசீது இல்லை. "அவருக்குத்தான் எல்லாரையும் தெரியும். வங்காளியும் எங்கள் வீட்டு ஆட்களைவிட நன்றாகப் பேசுவார்."

ஐந்து நிமிடம்! இந்த மனுஷர் ஆபீசில் கிடக்கும் பெஞ்சுக்கும் ஃபேனுக்கும் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் தலையில் மண் விழுந்துவிடும். வேறு யாரும் பேசத் துணியவில்லை. என் வங்காளி காய்கறி வாங்க மட்டும்தான் உதவும். ஆகவே அவருக்கு நான் காவல் இருப்பதென்று தீர்மானித்தேன். எனக்கு அந்தத் தகுதி இருப்பதாகவும் நம்பினேன். எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேடைப் பேச்சு பற்றி இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். முதல் அரை நிமிஷத்தில் பிடி, மூன்றே விஷயம் சொல், மிச்சத்தையெல்லாம் வெட்டு என்று ஒரு கோட்டுக்காரர் வந்து பாடம் எடுத்தார். எனக்குச் சான்றிதழ்கூட உண்டு.

பன்னிரண்டு நாள் இருந்தது. தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் மொட்டை மாடிக்குப் போவேன். கொடியில் துணி காயும். அவர் அதற்கு எதிரே நிற்பார். வெள்ளை வேஷ்டி விசாரணை அதிகாரி, நீலப் புடவை குமாஸ்தா, என் கணவரின் பேன்ட் எதிர்க்கட்சி வக்கீல். வங்காளியைத் தமிழ் எழுத்தில் எழுதிய அட்டைகள் அவர் கையில், ஸ்டாப்வாட்ச் ஓடும் போன் என் கையில்.

முதல் நாள் பதினொன்றரை நிமிடம் ஆயிற்று. அதில் அதிகாரிகளை வரவேற்கவே இரண்டு நிமிடம்.

"அவா ஆபீசுக்கு நாம போறோம். அவாளை நாம என்ன வரவேற்கறது? அவாளுக்கு அவா பேர் தெரியும் மாமா!"

"தெரியும். நமக்குத் தெரியும்னு அவாளுக்குத் தெரியுமோ?"

அதை வெட்டினேன். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் அவர் எழுதியிருந்த கதைகளை வெட்டினேன். இரண்டாம் மாடி சாரதா மாமி கல்யாணமாகி வந்த அன்று தெருவில் முழங்கால் தண்ணீர், ரிக்‌ஷாக்காரர் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வந்தார் என்று ஒரு பத்தி. "இதெல்லாம் யாருக்கு வேணும்?" என்றேன். "வருஷம் சொன்னா வக்கீல் மறுப்பான். மழை சொன்னா மறுக்க மாட்டான்" என்றார். ஒரே ஒரு வரியாக அதை விட்டுவைத்தேன். எட்டு நிமிடம். ஏழு. ஐந்து நிமிடம் பத்து வினாடி. அங்கேயே நின்றுவிட்டது. நாலு நாளாகியும் ஒரு வினாடி இறங்கவில்லை. கீழே சுவரில் புதிதாக ஒரு விரிசல் விட்டிருந்தது. பௌதி தினமும் படியேறி வந்து, "ஆயிற்றா?" என்று கண்ணால் கேட்டுவிட்டுப் போவாள்.

"சுக்தேவை எடுத்துடுங்கோ" என்றேன்.

சுக்தேவ், அவர் மனைவி, அவருடைய கிழத் தாயார் மூன்று பேரும் படிக்கட்டுக்கு அடியில் இஸ்திரி மேஜையோடு மேஜையாக இருந்தார்கள். வாடகை கிடையாது, கட்டடத்துத் துணியைத் தேய்த்துக் கொடுப்பதுதான் வாடகை. அதை யாரும் குடித்தனம் என்று எண்ணியதில்லை.

"படிக்கட்டுக்கு அடியில இருக்கறதெல்லாம் வீடா மாமா? அவரைச் சொன்னா நம்மையும் சேர்த்து நம்ப மாட்டா. மத்த வீட்டைச் சொல்லி முடியுங்கோ, போறும்."

அவர் அட்டைகளை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு ஆளை விடமுடியாம எல்லாரையும் நடுத்தெருவுல நிறுத்திடாதேள்" என்று கத்தினேன். அப்படி நான் அவரிடம் பேசியதே இல்லை.

விசாரணைக்கு முதல் நாள் காலையில் அவரே என்னைக் கூப்பிட்டனுப்பினார். கொடியில் துணி இல்லை. காலி வானத்தைப் பார்த்துப் பேசினார். எனக்குக் கேட்டும் கேட்காமலும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார், குரலை நாளைக்குச் சேர்த்துவைக்க வேண்டுமாம். முடித்ததும் போனைப் பார்த்தேன். நாலு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எப்படி மாமா?" என்றேன்.

"ஒண்ணை எடுத்துட்டேன்."

சுக்தேவைத்தான் எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். பாவம் என்றும் நினைத்தேன். எதை எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மறுபடி சேர்த்துவிடுவாரோ என்று பயம்.

வார்டு ஆபீசின் மாடி அறையில் விசாரணை. நாங்கள் எல்லோரும் சுவரோரமாக நின்றோம். அதிகாரி தலையைத் தூக்காமல் "போலுன்" என்றார், பேசுங்கள் என்று. மேஜை மேல் ஒரு தட்டுமணி இருந்தது. நான் போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன்.

அவர் முதலில் சொன்ன பெயர் குமாஸ்தாவுடையது. யாரிடம் விசாரித்தாரோ, முழுப் பெயரையும் சொல்லி, இன்றைக்கு எங்கள் வார்த்தைகளை எழுதப்போகிறவர் இவர், இவருக்கு வணக்கம் என்றார். நான் வெட்டிய இடம். வினாடிகள் போகிறதே என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அதுவரை பேனாவை ஆட்டிக்கொண்டிருந்த குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு சொல்லை விடாமல் எழுதினார்.

கீழ்த்தளம், இடது பக்கம். பௌதியின் பெயர், புருஷன் பெயர், வாசலில் அவள் வைத்த துளசித் தொட்டி வெயிலில் வெடித்த கோடை. முதல் மாடி. இரண்டாம் மாடி. சாரதா மாமி, முழங்கால் தண்ணீர், டிரங்குப் பெட்டி. அதிகாரி தலையைத் தூக்கினார். வக்கீலை ஒவ்வொரு தடவையும் பார்த்தார். வக்கீல் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மழையை எப்படி மறுப்பது? என் பெயரும் வந்தது. சுவரோரம் சாய்ந்திருந்த என் முதுகு தானாக நிமிர்ந்தது. அப்போதுதான் எனக்கு அந்த மனுஷர் இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று புரிந்தது.

பத்து வீடு முடிந்தது. இன்னும் பதினைந்து வினாடி இருந்தது. "படிக்கட்டுக்கு அடியில்" என்று ஆரம்பித்தார். சுக்தேவ், அவர் மனைவி, தாயார், மூன்று பெயரும் வந்தன. ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குமாஸ்தா எழுதி முடித்திருந்தார், வக்கீல் மறுக்கவில்லை, மணி அடித்தது.

வெளியே வந்து தெருவிலேயே நின்று அழுதோம். சாரதா மாமி அவர் காலில் விழப்போனாள். பௌதி கடைக்கு ஓடிப்போய் சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தபின் டப்பாவில் மிச்சமிருந்த உதிரியை அவர் வழித்துத் தின்றார்.

பத்து நாள் கழித்துப் பட்டியலை முற்றத்தில் வைத்து வாசித்தார்கள். குடியிருப்போர் பதினோரு பேர் என்று ஆள் வந்து உரக்கப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு முதுகு நிமிர்ந்தது. பதினொன்றாவது பெயர் சுக்தேவ். அத்தோடு தாளை மடித்துவிட்டார். மாமா குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் முதுகைப் பார்த்தேன். அதற்கு நிமிர ஒன்றும் வரவில்லை.

அவர் மாடியேறிப் போனதும் பின்னாலேயே அவர் அறைக்கு ஓடினேன். "உங்க பேர் எங்க மாமா?"

"வரவேற்கறவன் தன் பேரைச் சொல்லிக்கற வழக்கம் உண்டோ?"

"விளையாடாதேள். இது சபா இல்லை!"

அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். கடைசி அட்டையில் 'மொட்டை மாடி அறை' என்று ஆரம்பித்து நாலு வரி. அவர் பெயர், அவர் வந்த வருஷம், மேலே தகரம் போட்டிருந்த காலம். நாலு வரியையும் ஒரே கோடாக அடித்திருந்தார். அந்த நாலு வரிதான் எனக்கு வேண்டியிருந்த வினாடிகள்.

"அஞ்சு நிமிஷம்தானேம்மா குடுத்தா" என்றார். "அவனுக்கு அம்மா இருக்கா. நான் ஒண்டி."

வார்டு ஆபீசுக்கு ஓடினேன். வாக்குமூலம் உங்கள் ஆள் கொடுத்தது, அவரே கையெழுத்துப் போட்டது, அதில் அவர் பெயர் இல்லை என்றார்கள். எல்லாரும் சேர்ந்து மனு கொடுத்தால் மறுபடி விசாரிக்கலாம். மறுபடி என்றால், முழுப் பட்டியலையும். மனு எழுதினேன். முதல் கையெழுத்து சுக்தேவ் போட்டார். என் இடத்தையே அவருக்குக் கொடுங்கள் என்று அழுதார். மாமா அவரைத் திட்டி அனுப்பினார். பௌதி நாளைக்கு என்றாள். சாரதா மாமி, பிள்ளையைக் கேட்க வேண்டும் என்றாள். என் கணவர், "மறுபடி தோண்டினா வக்கீல் சும்மா இருப்பானா? நம்ம பேரும் போயிடும்" என்றார். மனு என் கைப்பையில் நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் கிழித்துப் போட்டேன். யார் மேலும் பழி போடமாட்டேன். கிழித்தது என் கைதான்.

கோயம்புத்தூரில் தங்கை பிள்ளை இருப்பதாகச் சொல்லி ஹவுராவில் ரயில் ஏறினார். வழியனுப்பப் பதினோரு வீடும் வந்தது. ஜன்னல் வழியாக ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி விடை வாங்கிக்கொண்டார். இரண்டு தீபாவளிக்குப் போனில் பேசினோம். அப்புறம் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. வேறு எண் யாரிடமும் இல்லை.

புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. லிஃப்ட் இருக்கிறது. மொட்டை மாடியில் தொட்டி மட்டும் இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு வரவேற்புரை நீங்கள்தான் என்று சபாவில் என்னிடம் சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் வாங்கியவளாயிற்றே. ஐந்து நாள் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து எழுதினேன். மேடையில் கை நடுங்கியது. அட்டை காட்டிக்கொடுக்கவில்லை.

முதல் வரிசை சொன்னேன், இரண்டாம் வரிசை சொன்னேன். பாதிப் பேர் காபிக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள். மைக் செட்காரரைச் சொன்னேன். பூசணிக்காய் நறுக்குகிறவரைச் சொன்னேன். கடைசி வரிசையில் சுக்தேவும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களையும் சொன்னேன். இரண்டு முதுகும் நிமிர்ந்தன. கடைசி அட்டையில் ஒரே ஒரு பெயர் இருந்தது. மாமா என்று எழுதாமல் அவர் பெயரை இனிஷியலோடு எழுதியிருந்தேன். நிறுத்தி, நிதானமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

சொல்லிவிட்டு ஹாலைப் பார்த்தேன். ஒரு முதுகும் நிமிரவில்லை.